கணக்கு வராதவருக்குப் பொருளியல் வருமா?

வாசகி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 20. பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவர் பள்ளியில் இருந்தபோது, அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டது. அப்பாவுக்குச் சில மாதங்களில் வேறு வேலை கிடைத்தது. பழைய சம்பளம் மட்டும் திரும்பி வரவே இல்லை. “ஒரு வேலையை இத்தனை வருடம் நன்றாகச் செய்தவரின் மதிப்பு ஒரே நாளில் எப்படிக் குறையும்?” என்ற கேள்விதான் தன்னைப் பொருளியல் வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தது என்கிறார். முதல் ஆண்டு நன்றாகப் போயிற்று. இரண்டாம் ஆண்டில், தனிமனிதரும் நிறுவனமும் எப்படி முடிவெடுக்கின்றன என்று படிக்கும் நுண்பொருளியல் தாள் நுண்கணிதமாக உருமாறியது. பருவத் தேர்வில் 100-க்கு 31. புள்ளியியலில் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. ஐந்து வாரங்களாக வகுப்புப் பக்கமே போகவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணன் முறையுள்ள ஒருவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், அவர், “போன இரண்டு வருடம் மூழ்கிய செலவு. அதை நினைத்து அழாமல் மேலாண்மைப் படிப்புக்கு மாறிவிடு” என்றாராம். தோழியோ, “இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா?” என்கிறாராம். வாசகி என்னிடம் கேட்பவை மூன்று: எனக்குக் கணக்கு வராது, நான் இந்தப் படிப்புக்குத் தகுதியானவள்தானா? முடித்தாலும் என்ன வேலை கிடைக்கும்? 2008 உலக நிதி நெருக்கடியையே முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு துறைக்காக இத்தனை பாடுபட வேண்டுமா?

அன்புள்ள வாசகிக்கு,

22 ஆண்டுகள் பொருளியல் வகுப்பெடுத்துவிட்டு, இப்போது மாணவர் வழிகாட்டுதலில் இருப்பவன் நான். உங்கள் மூன்று கேள்விகளையும் சற்று ஒத்திவைக்கிறேன். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஐந்து வாரங்கள்

தொடர்வதா விலகுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்புக்குப் போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்; உங்களைக் கேட்காமலேயே அது நாளுக்கு நாள் உறுதிப்பட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தாளிலிருந்து முறைப்படி விலகிக்கொள்ளக் கடைசித் தேதி ஒன்று உண்டு. அதற்குள் விலகினால் சான்றிதழில் தோல்வி ஏறாது, அல்லது விலகல் என்று மட்டும் பதிவாகும். தேதி கடந்துவிட்டால் எழுதாத தேர்வும் தோல்வியாகவே நிற்கும். கல்வி உதவித்தொகையோ கல்விக் கடனோ பெறுகிறீர்கள் என்றால், பருவத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை தாள்கள் படித்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும். ஆகவே விலகல் கடிதம் எதிலும் கையெழுத்துப் போடுமுன் அந்த நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். ஒரு பருவம் இடைவெளி வேண்டுமென்றால் முறையான விடுப்பாக விண்ணப்பித்து எடுங்கள். விடுப்பில் சென்றவருக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு. சொல்லாமல் நின்றுவிட்டவர் திரும்பி வந்து கெஞ்ச வேண்டியிருக்கும்.

திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கப் பல இடங்களில் மாணவருக்கு உரிமை இருக்கிறது. அதற்கும் காலக்கெடு உண்டு. மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லி வாதாடப் போகாதீர்கள். போன 69 மதிப்பெண்ணும் எந்தெந்த வரியில் போயின என்று தெரிந்துகொண்டு வாருங்கள். இதன் பயனைக் கீழே சொல்கிறேன்.

ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: “மதியம்வரை படுக்கையிலிருந்து எழ மனம் வருவதில்லை.” உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்த வரி அதுதான். பருவத் தேர்வில் தவறிய யாருக்கும் ஒரு வாரம் அப்படி இருக்கும். ஐந்து வாரம் நீடித்தால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பார்த்தே ஆக வேண்டும். அங்கே பேசுவது துறைக்கோ வீட்டுக்கோ போகுமா என்ற அச்சம் இருந்தால், முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. உயிர்மீதே வெறுப்பு வரும் எண்ணம் எட்டிப் பார்த்தால் சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஒரு மனிதரிடம் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் சொன்ன கணக்கு

மூழ்கிய செலவு என்ற கருத்தை உங்கள் அண்ணன் பாதிதான் படித்திருக்கிறார். திரும்பப் பெற முடியாத செலவை இனி எடுக்கும் முடிவில் சேர்க்காதே என்று மட்டுமே அந்தக் கருத்து சொல்கிறது. விட்டுவிட்டுப் போ என்று அது எங்கும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கட்டிய கட்டணமும் கழிந்த நாட்களும் தொடர்ந்தாலும் திரும்பாது, விலகினாலும் திரும்பாது. எனவே அவற்றைத் தராசிலிருந்து இறக்கிவிடலாம். தோழியின் “இவ்வளவு தூரம் வந்துவிட்டு” என்ற வாதமும் அத்துடன் விழுகிறது. ஆனால் நீங்கள் தேறிய தாள்கள் மூழ்கவில்லையே! அவை கையில் இருக்கின்றன. மூன்றாண்டுப் பட்டம் என்று வைத்துக்கொண்டால், தோற்ற தாளையும் சேர்த்து முடிக்க இன்னும் ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டு தேவைப்படும். வேறு படிப்பை முதலிலிருந்து தொடங்கினால் மூன்று ஆண்டு. தராசில் ஏற வேண்டியவை இந்த இரண்டும்தான். கூடவே ஒவ்வொன்றின் முடிவிலும் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது.

இன்னொன்று. கணக்குக்குப் பயந்து மேலாண்மைக்குப் போகிறவர்களுக்கு அங்கே புள்ளியியலும் நிதிக் கணக்கும் காத்திருக்கின்றன. மேலாண்மை பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள். ஒளிந்துகொள்ள மட்டும் அங்கே இடம் இல்லை.

எது வரவில்லை?

உங்கள் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளாத வரி “எனக்குக் கணக்கு வராது” என்பது. இதை எத்தனையோ பேர் என் அறையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலருடைய விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால் வகையீட்டை ஒழுங்காகவே செய்திருப்பார்கள். அதற்கு அடுத்த வரியில், பின்னங்களைக் குறுக்கே பெருக்கும்போதோ அடுக்குக்குறிகளைச் சுருக்கும்போதோ தடம் புரண்டிருப்பார்கள். அதாவது பல்கலைக்கழகக் கணிதம் அவர்களுக்கு வருகிறது. பள்ளியில் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் விட்டுப்போன இயற்கணிதம்தான் காலை வாருகிறது. இது ஆறு வாரத்தில் சரிசெய்யக்கூடிய ஓட்டை. உங்கள் ஓட்டை எங்கே என்று உங்கள் விடைத்தாள்தான் சொல்லும். அதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு வகை மாணவர் உண்டு. அவர்களுக்கு வழிமுறை மனப்பாடம். கையிருப்புக்குள் சிறந்த தேர்வைக் கண்டுபிடிக்க உதவும் லக்ராஞ்சுப் பெருக்கியை எழுதி, மூன்று முறை பகுதி வகையீடு செய்து, பூஜ்யத்துக்குச் சமன் செய்துவிடுவார்கள். எதற்காகச் செய்தோம் என்று கேட்டால் விழிப்பார்கள். வினாவைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் அவர்கள் கட்டிய வீடு சரிந்துவிடும். நீங்கள் இந்த வகையோ என்று சந்தேகிக்கிறேன், ஏனென்றால் “விடைகளைப் படிக்கும்போது புரிகிறது, தாள் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். பிறர் போட்ட விடையைப் படிப்பது, நீச்சல் அடிப்பவரைக் கரையிலிருந்து பார்ப்பது மாதிரி. புரிந்தது போலவே இருக்கும்.

சூத்திரத்தைத் தொடாமல் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 100 நாணயம் இருக்கிறது. முதல் பொருளின் விலை 2, இரண்டாவதன் விலை 5. அவருடைய பயன்பாடு, அதாவது அவருக்குக் கிடைக்கும் மனநிறைவு, வாங்கிய இரண்டு அளவுகளையும் பெருக்கினால் வருவது என்று வைத்துக்கொள்வோம். முதல் பொருளுக்கு 40 நாணயம் ஒதுக்கினால் அதில் 20 அலகு கிடைக்கும். மீதி 60-இல் இரண்டாவது 12 அலகு. பெருக்கினால் 240. மாற்றி, முதலாவதற்கு 60, இரண்டாவதற்கு 40 கொடுத்தால் 30-ம் 8-ம் கிடைக்கும், மறுபடியும் 240. சரிபாதியாக 50, 50 கொடுத்தால் 25-ம் 10-ம், பெருக்கினால் 250. இங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குறையும். ஏன்? இந்த இடத்தில்தான் முதல் பொருளுக்குக் கொடுத்த கடைசி நாணயமும் இரண்டாவதற்குக் கொடுத்த கடைசி நாணயமும் ஒரே அளவு பயனைத் தருகின்றன. ஒன்று அதிகமாகத் தந்தால் மற்றதிலிருந்து நாணயத்தை எடுத்து இங்கே போட்டிருப்போம் அல்லவா? நீங்கள் 31 மதிப்பெண் வாங்கிய அந்த அத்தியாயம் முழுவதும் இவ்வளவுதான். இறுதிநிலைப் பயன்பாட்டை, அதாவது கடைசி அலகு தரும் கூடுதல் பயனை, விலையால் வகுத்தால் இரண்டு பக்கமும் சமம் என்ற சமன்பாடு, இந்தப் பத்தியின் சுருக்கெழுத்து. உங்களைப் பயமுறுத்திய அந்த லக்ராஞ்சுப் பெருக்கியின் வேலையும் எளியதுதான்: கையில் இன்னும் ஒரு நாணயம் இருந்தால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்று சொல்வது.

நான் இதைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1906-இல் புள்ளியியலாளர் ஆர்தர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில் தம் வழக்கத்தைச் சொல்கிறார்: கணிதத்தைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்து, வேலை முடியும்வரை அதை வைத்துக்கொள், பிறகு சொற்களில் பெயர்த்து எழுது, உண்மை வாழ்க்கையின் எடுத்துக்காட்டுகளால் விளக்கு, அப்புறம் கணிதத்தை எரித்துவிடு. எரிக்கச் சொன்னவர் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1865-இல் இரண்டாம் இடம் பெற்றவர் என்பதை மறந்துவிடக் கூடாது. கற்றபிறகு எரிப்பது வேறு, கற்காமலே எரிப்பது வேறு.

அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரமை நீங்களே கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உண்மைதான். பள்ளியில் கணிதம் அதிகம் படிக்காததால் அவருக்குப் பொருளியல் முனைவர் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியல் பக்கம் போனார். 2009-இல் பொருளியல் நோபலைப் பெற்ற முதல் பெண் ஆனார். ஆனால் இதிலிருந்து “கணக்கு தேவையே இல்லை” என்று நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. காடு, மீன்வளம் போன்ற பொதுவளங்களைப் பற்றிய ஆய்வில் அவர், ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டையும் ஆய்வகச் சோதனைகளையும் கையாண்டார். தேவை வந்தபோது தேவையான கணிதத்தைக் கற்றுக்கொண்ட ஒருவரின் கதையாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

அப்பாவின் சம்பளம்

முதல் ஆண்டு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வது போலத் தெரிந்தது, இரண்டாம் ஆண்டு அதை மறந்தேவிட்டது என்று குறைப்படுகிறீர்கள். நியாயமான குறை. பாடத்திட்டம் வகுப்பவர்கள் கருவிகளை முதலில் கொடுத்துவிட்டு, கேள்விகளைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் பழக்கம் எனக்கும் பிடிக்காது. அதற்காக உங்கள் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

லூயிஸ் ஜேக்கப்சன், ராபர்ட் லலோண்ட், டேனியல் சல்லிவன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 1993-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரே நிறுவனத்தில் பல ஆண்டு வேலை பார்த்து, நிறுவனம் நொடித்ததால் வேலையிழந்தவர்களின் ஊதியப் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இழந்த ஊதியத்தை எப்படி அளப்பது? வேலை போகுமுன் வாங்கியதையும் பின் வாங்கியதையும் கழித்துப் பார்த்தால் போதாது; வேலை போகாமல் இருந்திருந்தால் இடைப்பட்ட காலத்தில் சம்பளம் உயர்ந்திருக்குமே. ஆகவே வேலை போகாத ஒத்த தொழிலாளர்களை எதிரே நிறுத்தி ஒப்பிட்டார்கள். வேலை போன ஆண்டில் மட்டுமல்ல, அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் இவர்களின் ஊதியம் ஆண்டுக்குச் சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. அதே மாதிரியான நிறுவனத்தில் மறுபடி வேலை கிடைத்தவர்களுக்கும் பெரிய இழப்பு இருந்தது. சரிவு, வேலை போவதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

“அப்பா முயற்சி செய்யாததால்தான் மீளவில்லை என்று உறவினர்கள் பேசுகிறார்கள்” என எழுதியிருந்தீர்களே. அந்தப் பேச்சுக்கு இந்த ஆய்வு ஒரு பதில். ஒரு நிறுவனத்துக்குள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த திறமையில் ஒரு பகுதி, அந்த நிறுவனத்தின் இயந்திரங்களோடும் முறைகளோடும் ஒட்டியது. வெளியே அதற்கு விலை கிடைப்பதில்லை என்பது பொருளியலாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. ஆய்வில் பயன்பட்ட கருவியோ, நீங்கள் தட்டுத்தடுமாறித் தேறிய புள்ளியியலில் தொடர்புப் போக்கு (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை) என்று நடத்தினார்களே, அதன் வளர்ந்த வடிவம். அடுத்த ஆண்டு, தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பொருளாதார அளவையியல் வகுப்பில் உட்கார்ந்தால் இந்தக் கட்டுரையை நீங்களே படித்துக் குறைசொல்ல முடியும். நுண்பொருளியலைத் தேறாமல் அந்த வகுப்பில் பல இடங்களில் அனுமதி இல்லை. 31-ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

2008 பற்றிச் சுருக்கமாக. அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் பொருளியல் பள்ளிக்கு வந்த எலிசபெத் அரசியும் இதையேதான் கேட்டார்: ஏன் யாரும் கவனிக்கவில்லை? 2009-இல் பிரிட்டிஷ் அகாடமி அனுப்பிய பதில், பல அறிவாளிகளின் கூட்டுக் கற்பனை தவறியது என்று ஒப்புக்கொண்டது. மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லிப் பல நாடுகளில் குரல் எழுந்தது. கோர் என்ற திட்டத்தின் இலவசப் பாடநூல் அந்தச் சூழலில் பிறந்தது. இணையத்தில் கிடைக்கிறது, ஏற்றத்தாழ்விலிருந்தும் வேலையிலிருந்தும் பாடம் தொடங்கும். உங்கள் வகுப்புப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். மற்றபடி, வருவதை முன்கூறுவது இந்தத் துறையின் ஒரு சிறு பகுதி. பெரும்பகுதி, நடந்தது ஏன் நடந்தது என்று சண்டை போடுவதுதான்.

மாறுவதானால்

பொருளியலை விடாமல் கணிதத்தைக் குறைக்க வழி இருக்கிறது. வரலாறு, அரசியல், பொதுக்கொள்கை, வளர்ச்சியியல் ஆகியவற்றில் ஒன்றோடு இணைந்த பட்டங்கள் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. பொருளியல் வரலாற்றை இரண்டாம் தரம் என்று எண்ண வேண்டாம். 2023-இல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், பெண்களின் வேலையையும் ஊதியத்தையும் பற்றிய 200 ஆண்டுத் தரவுகளைத் தேடிச் சேர்த்தவர். உங்கள் எழுத்துத் திறனுக்கு இது பொருந்தும். ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு மாறுங்கள். கணிதத் தாள்கள் குறைந்த பட்டத்தோடு பொருளியல் முதுகலைக்கு விண்ணப்பித்தால், நேரியல் இயற்கணிதம் எங்கே, நுண்கணிதம் எங்கே என்று கேட்பார்கள். மாறுமுன், தேறிய எந்தெந்தத் தாள்கள் புதிய பட்டத்தில் செல்லும் என்று துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்பி ஒரு பருவத்தை இழந்தவர்கள் எனக்குத் தெரியும்.

வேலையைப் பற்றி: பொருளியலாளர் என்ற பெயரிலேயே கிடைக்கும் பணிகளுக்குப் பெரும்பாலும் முதுகலை தேவை. இளநிலைப் பட்டத்தோடு வெளியே வருகிறவர்கள் வங்கி, காப்பீடு, தரவுப் பகுப்பாய்வு, அரசுத் துறைகள், பத்திரிகை, தொண்டு நிறுவனம் எனச் சிதறிப் போகிறார்கள். பொருளியல் படித்தால் பங்குச் சந்தையில் பணம் பண்ணலாம் என்று உறவினர் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒழுங்கற்ற ஒரு தரவுப் பட்டியலைச் சுத்தம் செய்து, அதிலிருந்து இரண்டு பக்கத்தில் தெளிவான குறிப்பு எழுதத் தெரிந்தவருக்கு எங்கேயும் தேவை இருக்கிறது. இரண்டாவது பாதி உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை இந்த ஏழு பக்கமே காட்டுகிறது. முதல் பாதிக்கு ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல்மொழி இலவசமாகக் கிடைக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், இந்தப் பருவத்தில் இரண்டு தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து தேதிக்குள் விலகுங்கள், உதவித்தொகை நிபந்தனை இடம் கொடுத்தால். ஆறு வாரம் பள்ளி இயற்கணிதத்துக்கு. அப்புறம் நுண்பொருளியலை மறுபடி எழுதுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாறுங்கள். அப்போது நீங்கள் தப்பி ஓடவில்லை, தேர்ந்தெடுக்கிறீர்கள். மனநல ஆலோசகர் முழு விடுப்பு எடுக்கச் சொன்னால், என் திட்டத்தை ஒதுக்கிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வீட்டில் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். விடைத்தாளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் சொல்லுங்கள். எது போயிற்று, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்ற இரண்டும் அப்போது கையில் இருக்கும். முதலில் அப்பாவிடம். வேலை போன செய்தியோடு வீட்டு வாசலில் ஒருநாள் நின்றவர் அவர்.

மேலே போட்ட கணக்கில் ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன். இரண்டாவது பொருளின் விலை 5-இலிருந்து 10-ஆக உயர்கிறது, மற்றதெல்லாம் அப்படியே. இப்போது அவர் முதல் பொருளை எத்தனை அலகு வாங்குவார்? விடை உங்களைக் கொஞ்சம் வியக்க வைக்கும். ஏன் அப்படி என்று ஒரு குறியீடுகூட இல்லாமல் நான்கு வரியில் எழுதி அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள்.